கலைக்க அதிகாரம் உண்டு, தண்டிக்க இல்லை: போராட்டக் கூட்டத்தின் மீது போலீஸ் எப்போது கை வைக்கலாம்?

கேள்வி சுருக்கமாக இது: போராட்டத்தில் நாலு பேர் கல் எறிந்தால் மொத்தக் கூட்டத்தையும் போலீஸ் அடிக்கலாமா, சுடலாமா? முழங்காலுக்குக் கீழேதான் சுட வேண்டும் என்கிறார்களே, அது சட்டமா? அடிபட்டவர் யாரிடம் போவது?

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். கூட்டத்தைக் கலைக்கச் சட்டம் போலீஸுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. கூட்டத்தில் இருந்தவரைத் தண்டிக்கும் அதிகாரத்தைக் கொடுக்கவில்லை. தண்டனை கோர்ட்டின் வேலை. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். ஓடுகிறவர் ஏற்கெனவே கலைந்துவிட்டார். அவர் முதுகில் விழும் லத்தி அடியை நியாயப்படுத்த எந்தச் சட்டப் பிரிவும் கிடையாது.

2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்துக்கு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. பழைய சட்டத்தின் 129ஆம் பிரிவு, இதில் 148ஆம் பிரிவு. அது சொல்வது இவ்வளவுதான்: சட்டவிரோதமாகக் கூடிய கூட்டத்தையோ, பொது அமைதியைக் குலைக்கக்கூடிய, ஐந்து பேரோ அதற்கு மேலோ உள்ள கூட்டத்தையோ கலைந்து போகச் சொல்லி உத்தரவிடலாம். உத்தரவிடும் அதிகாரம் நிர்வாக நடுவருக்கும் (நம் ஊரில் தாசில்தார், ஆர்.டி.ஓ. போன்றவர்கள்), காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கும் உண்டு. அந்தப் பொறுப்பு அதிகாரி இல்லாதபோது எஸ்.ஐ.க்குக் குறையாத ஒருவர் உத்தரவிடலாம். சொல்லியும் கலையவில்லை, அல்லது கலையப்போவதில்லை என்பதைக் கூட்டம் தன் நடத்தையிலேயே காட்டுகிறது என்றால், அதன் பிறகு பலத்தால் கலைக்கலாம். அந்தப் பலம் எதற்கு என்பதும் பிரிவிலேயே இருக்கிறது, கலைப்பதற்கு.

பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம் 1979இல் கரம் சிங் வழக்கில் இதை மூன்று படியாகப் பிரித்தது. கூட்டம் வன்முறை நோக்கத்தோடு கூடியதாகவோ அமைதியைக் குலைக்கக்கூடியதாகவோ இருக்க வேண்டும். கலையச் சொல்லி உத்தரவு போயிருக்க வேண்டும். உத்தரவுக்குப் பிறகும் கூட்டம் கலையாமல் இருக்க வேண்டும். நடைமுறையில் சறுக்குவது பெரும்பாலும் இரண்டாவது படியில்தான். ஐயாயிரம் பேர் கோஷம் போடும் இடத்தில் ஒரு கை மெகாபோனில் ஒரு முறை முணுமுணுத்துவிட்டு 'எச்சரித்தோம்' என்று பதிவேட்டில் எழுதினால் அது எச்சரிக்கை ஆகாது. கேட்கும்படி சொல்லியிருக்க வேண்டும். கேட்டவர்கள் நகர்ந்து போக நேரம் இருந்திருக்க வேண்டும், போக வழியும் இருந்திருக்க வேண்டும்.

அந்த 'வழி' என்ற சொல்லில் கொஞ்சம் நிற்க வேண்டும். 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் மாஞ்சோலை தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் போனது. கூலிப் பிரச்சினையில் சிறைக்குப் போன தொழிலாளர்களை விடுவிக்கக் கேட்டு கலெக்டர் அலுவலகத்துக்கு மனு கொடுக்கப் போனவர்கள் அவர்கள். வழியில் தடுத்தார்கள், தடியடி நடந்தது. சாலைக்குப் பக்கத்திலேயே தாமிரபரணி. தப்பி ஓடியவர்கள் ஆற்றில் இறங்கினார்கள், துரத்திக்கொண்டு போய் அடித்தார்கள். 17 பேர் செத்தார்கள். அதில் இரண்டு பெண்கள், ஒரு கைக்குழந்தை. பெரும்பாலானவர்கள் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்று விசாரணை ஆணையத்தில் பதிவானது. 'போலீஸ் சுட்டு யாரும் சாகவில்லையே' என்று இன்றும் வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். பின்னால் ஆறு, முன்னால் லத்தி என்று ஆக்கிவிட்ட பிறகு, கையில் துப்பாக்கி இருந்ததா தடி இருந்ததா என்பது பெரிய கேள்வியே இல்லை. கலைப்பது என்றால் ஒரு திசையைத் திறந்து விடுவது. எல்லாப் பக்கமும் அடைத்துவிட்டு அடிப்பதைக் கலைப்பது என்று எப்படிச் சொல்ல முடியும்?

2011 ஜூன் 4 நள்ளிரவு தாண்டி டெல்லி ராம்லீலா மைதானத்தில் பாபா ராம்தேவின் போராட்டப் பந்தலுக்குள் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மீது போலீஸ் நடவடிக்கை எடுத்தபோதும் இதே பிரச்சினைதான். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து 2012இல் தீர்ப்பு சொன்னது. தூங்குகிறவரால் அமைதிக்கு உடனடியாக என்ன ஆபத்து வந்துவிடும் என்று கேட்டது. தூக்கமே வாழும் உரிமையில் அடங்கும் என்றது. இழப்பீட்டுக்கும் உத்தரவிட்டது. கூட்டத்தை நடத்திய அறக்கட்டளைக்கும் பொறுப்பில் ஒரு பங்கு உண்டு என்று சொல்லி, இழப்பீட்டில் 25 சதவீதத்தை அதன் தலையில் வைத்தது. போராட்டம் நடத்துகிறவர்கள் அந்தக் கடைசிப் பகுதியையும் ஒருமுறை வாசிக்க வேண்டும்.

'அனுமதி வாங்காத கூட்டம்' என்ற வாதம் எப்போதும் வரும். அரசியலமைப்பின் 19(1)(ஆ) பிரிவு ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையைக் கொடுக்கிறது. நியாயமான கட்டுப்பாடு போடலாம். பொதுச் சாலையை மாதக்கணக்கில் அடைத்து உட்கார முடியாது என்று ஷாஹீன் பாக் வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சென்னையில் நகரக் காவல் சட்டத்தின் 41ஆம் பிரிவு, மாவட்டங்களில் காவல் சட்டத்தின் 30(2), கூட்டம் கூடத் தடை விதித்து எங்கும் போடக்கூடிய '144' (இப்போது 163ஆம் பிரிவு) எல்லாம் நமக்குத் தெரிந்தவைதான். அதை மீறினால் வழக்குப் போடலாம், கைது செய்து வண்டியில் ஏற்றி சாயங்காலம் வரை கல்யாண மண்டபத்தில் வைக்கலாம். மண்டையை உடைக்க அது காரணம் ஆகாது. அனுமதி இல்லை என்பதும் வன்முறை நடந்தது என்பதும் இரண்டு தனித்தனி விஷயங்கள். பத்திரிகைச் செய்தியில் அடுத்தடுத்த வாக்கியமாக வரும்போது ஒன்று மற்றதற்குக் காரணம் போலத் தோன்றிவிடுகிறது.

இனி, கல் எறிந்தால் சுடலாமா என்ற கேள்வி.

துப்பாக்கிக்குப் பின்னால் இரண்டு விதமான நியாயம் வைப்பார்கள். ஒன்று, 148ஆம் பிரிவின்படி கலைக்கும் அதிகாரம். இன்னொன்று, தற்காப்பு. தற்காப்பு போலீஸுக்கும் உண்டு, உங்களுக்கும் எனக்கும் உண்டு. பாரதிய நியாய சன்ஹிதாவில் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்தது) 34 முதல் 44 வரை அதற்கான பிரிவுகள். உயிர் போகும், அல்லது கொடுங்காயம் ஏற்படும் என்ற நியாயமான அச்சம் இருந்தால் எதிராளியின் உயிரே போனாலும் அது தற்காப்பில் அடங்கும். ஆள் வாழும் கட்டடத்துக்கோ பொருள் வைத்திருக்கும் கட்டடத்துக்கோ தீ வைப்பதைத் தடுக்கவும் அந்த அளவுக்குப் போகலாம் என்று சட்டம் சொல்கிறது. இதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. ஆனால் அதே பிரிவுகளில் இரண்டு கடிவாளம் இருக்கிறது: தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகத் தீங்கு செய்யக்கூடாது, அச்சம் இருக்கும் வரைதான் உரிமை. அச்சம் தீர்ந்ததும் உரிமையும் தீர்ந்துவிடும்.

ஆக, நூறு மீட்டர் தள்ளி நின்று ஒருவன் எறிந்த கல்லுக்குக் கேடயம் பதில் சொல்லும். பெட்ரோல் குண்டோடு பத்தடியில் ஒருவன் வந்தால் கதை வேறு. எந்தப் பக்கமானாலும் துப்பாக்கி பதில் சொல்ல வேண்டியது அந்த ஒருவனுக்கு. அவனுக்கு இருபதடி பின்னால் நின்ற பெண்ணுக்கு இல்லை. கூட்டம் என்று ஒரு உடம்பு கிடையாது, குண்டு எப்போதும் தனி ஒருவர் மேல்தான் பாயும். அந்த ஒருவர் அந்த நொடியில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்பதுதான் சட்டம் கேட்கும் கேள்வி. 'அன்று பெரிய கலவரம் நடந்தது' என்பது அதற்குப் பதில் ஆகாது.

தூத்துக்குடியை இந்தக் கேள்வியோடு பாருங்கள். 2018 மே 22, ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள். கலெக்டர் அலுவலகத்தை நோக்கி மக்கள் போனார்கள். நகரின் சில காவல் நிலைய எல்லைகளில் 144 போட்டிருந்தார்கள். கல்வீச்சு நடந்தது, வாகனங்கள் எரிந்தன, இதெல்லாம் உண்மை. துப்பாக்கிச் சூடு கலெக்டர் அலுவலகத்தோடு நிற்கவில்லை. திரேஸ்புரத்தில் சுட்டார்கள், மறுநாள் அண்ணா நகரில் சுட்டார்கள். 13 பேர் இறந்தார்கள். சாதாரண உடையில் வேன் மேல் ஏறி நின்று குறிபார்த்த போலீஸ்காரரின் காட்சியை நாடே பார்த்தது.

ஓய்வு பெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் தலைமையிலான ஆணையம் 2022 மே மாதம் இறுதி அறிக்கை கொடுத்தது. அக்டோபரில் அது சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. ஓடிக்கொண்டிருந்தவர்களை நோக்கிச் சுட்டிருக்கிறார்கள் என்றும், கலெக்டர் அலுவலக வளாகத்துப் பூங்காவில் மறைந்து நின்று சுட்டிருக்கிறார்கள் என்றும், படிப்படியாகப் போயிருக்க வேண்டிய நடைமுறை பின்பற்றப்படவில்லை என்றும் அது சொன்னது. போலீஸ் தரப்பில் 17 பேர், அப்போதைய கலெக்டர், வருவாய்த் துறையினர் மூவர் ஆகியோர் மீது நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது. அந்த வருவாய்த் துறையினர் யார் என்பதில்தான் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை. சுட உத்தரவிட்டதாகக் காகிதத்தில் இருப்பவர்கள் துணை தாசில்தார்கள். மாவட்டத்தின் நடுவரான கலெக்டர் அன்று கோவில்பட்டியில் இருந்தார். பெரும் கூட்டம் வரக்கூடும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்த நாள் அது. உயிரை எடுக்கும் முடிவை அலுவலகப் படிக்கட்டின் கீழ்ப்படியில் இருந்தவர்களிடம் விட்டுவிட்டார்கள். சட்டம் நடுவரை அங்கே நிறுத்தி வைப்பதற்குக் காரணம், போலீஸ் கோபத்தில் இருக்கும்போது கோபமில்லாத ஒருவர் தலையிட வேண்டும் என்பதுதான். நடுவர் வெறும் கையெழுத்தாக மாறிவிட்டால் அந்தத் தடுப்பு போய்விடுகிறது.

விசாரணை ஆணையங்கள் எல்லாம் இப்படிச் சொல்லிவிடுவதில்லை. 2011 செப்டம்பர் 11 அன்று, தலித் தலைவர் இம்மானுவேல் சேகரன் நினைவு நாளில், பரமக்குடியில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் தலித் மக்கள் இறந்தார்கள். அதை விசாரித்த ஆணையம் போலீஸ் நடவடிக்கை நியாயம் என்றே முடித்தது. எந்த ஆணையத்தின் பரிந்துரையும் அரசைக் கட்டுப்படுத்தாது. 1952ஆம் ஆண்டு விசாரணை ஆணையச் சட்டத்தின் அமைப்பே அப்படி.

'முழங்காலுக்குக் கீழே' என்பதற்கு வருகிறேன். நாடாளுமன்றம் இயற்றிய எந்தச் சட்டத்திலும் இந்தச் சொற்றொடர் கிடையாது. மாநிலக் காவல்துறை நிலையாணைகளிலும் (துறையின் உள் விதிகள்) பயிற்சியிலும் உள்ள விதி இது: தாழ்வாகக் குறிவை, கூட்டத்தின் மிக ஆவேசமான பகுதியைப் பார்த்துச் சுடு, தேவைக்கு மேல் ஒரு ரவைகூடப் போகக்கூடாது, விளைவு தெரிந்ததும் நிறுத்து. வானத்தைப் பார்த்துச் சுடுவதைப் பலரும் கருணை என்று நினைக்கிறார்கள். பல மாநில விதிகள் கூட்டத்தின் தலைக்கு மேல் சுடுவதைத் தடுத்தே வைத்திருக்கின்றன. அந்த குண்டு எங்கோ ஒரு மாடியில், சம்பந்தமே இல்லாத ஒருவர் மீது போய் விழும். தலையிலும் மார்பிலும் பாய்ந்த குண்டு இந்த விதி மீறப்பட்டதற்குச் சாட்சி. ஆனால் காலில் பாய்ந்தது என்பதால் மட்டும் அது நியாயமாகிவிடாது. தொடையில் பெரிய ரத்தக் குழாய் போகிறது, அது அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போகும்.

ஐ.நா.வின் 1990ஆம் ஆண்டு அடிப்படைக் கோட்பாடுகள் இன்னும் தெளிவாக இருக்கின்றன. உயிருக்கோ உடலுக்கோ உடனடியான கடும் ஆபத்து இருந்தால் ஒழிய துப்பாக்கி கூடாது. 2020இல் வந்த ஐ.நா. மனித உரிமைக் குழுவின் 37ஆவது பொதுக் கருத்துரை, கூட்டத்தைக் கலைப்பதற்காக மட்டும் துப்பாக்கியைப் பயன்படுத்தவே கூடாது என்கிறது. நம் 148ஆம் பிரிவு 'பலம்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டு எவ்வளவு என்பதை விட்டுவிடுகிறது. 'மிகக் குறைந்த பலம், மிகக் குறைந்த காயம்' என்ற வார்த்தை ராணுவத்தை அழைக்கும் அடுத்த பிரிவான 149இல்தான் இருக்கிறது. போலீஸுக்கும் அதே அளவுகோல்தான் என்று நீதிமன்றங்கள் சொல்லி வருகின்றன என்றாலும், அந்த வரி 148இலும் எழுதப்பட வேண்டும் என்பது என் கருத்து. புதிய சட்டம் கொண்டுவந்தபோது அதற்கு வாய்ப்பு இருந்தது, தவறவிட்டார்கள்.

கண்ணீர்ப்புகை, ரப்பர் குண்டு பற்றி ஓரிரு வார்த்தை. 'உயிருக்கு ஆபத்தில்லாதவை' என்று அவற்றைச் சொல்வது தவறு. 2017இல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வுத் தொகுப்பு ரப்பர், பிளாஸ்டிக் குண்டுகளால் காயம்பட்ட 1984 பேரைப் பார்த்தது. அவர்களில் 53 பேர் இறந்துவிட்டார்கள், 300 பேருக்கு நிரந்தர ஊனம், அதில் பெரும்பகுதி கண் போனவர்கள். கண்ணீர்ப்புகையை திறந்த வெளியில், காற்றின் திசை பார்த்துப் போட வேண்டும். ஷெல்லை ஆளைப் பார்த்து நேராகச் சுட்டால் அது பெரிய இரும்புக் குண்டுதான்.

அடித்தால்தான் கூட்டம் அடங்கும் என்ற நம்பிக்கை போலீஸிலும் பொதுமக்களிலும் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கூட்டத்துக்குள் போனால் மனிதனுக்குப் புத்தி கெட்டுவிடும் என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கருத்தின் மிச்சம் அது. ஸ்டீஃபன் ரைக்கர், கிளிஃபர்ட் ஸ்டாட் போன்ற பிரிட்டிஷ் உளவியலாளர்கள் பல ஆண்டுகள் கூட்டங்களுக்குள்ளேயே போய்ப் பார்த்துச் சொன்னது வேறு. கூட்டத்தில் பல தரப்பு இருக்கும். குழந்தையோடு வந்தவர் இருப்பார், வேடிக்கை பார்ப்பவர் இருப்பார், வம்புக்கென்றே வந்த சிலரும் இருப்பார்கள். அமைதியாக நிற்பவர்களே அந்தச் சிலரை 'சும்மா இருடா' என்று அடக்குவார்கள். எப்போது போலீஸ் ஆள் பார்க்காமல் எல்லோரையும் அடிக்கிறதோ, அந்த நிமிடம் அத்தனை பேரும் ஒரே தரப்பாகிவிடுகிறார்கள். அடக்கியவரே கல் எடுக்கிறார். போர்ச்சுகலில் 2004இல் ஐரோப்பியக் கால்பந்துப் போட்டி நடந்தபோது இந்த ஆய்வை வைத்துத் திட்டம் போட்டார்கள். சாதாரணச் சீருடையில் போலீஸ் ரசிகர்களோடு பேசிக்கொண்டு திரிந்தது. தலைக்கவசப் படை கண்ணில் படாத தூரத்தில் தயாராக இருந்தது. முரட்டுத்தனத்துக்குப் பெயர் போன இங்கிலாந்து ரசிகர்கள் வந்திருந்தும் ஆட்டம் நடந்த நகரங்களில் பெரிய கலவரம் இல்லை.

போலீஸ்காரர் தரப்பையும் சொல்லாமல் விடக்கூடாது. காலை நாலு மணிக்கு பந்தோபஸ்துக்கு நிறுத்தி, சாப்பாடும் கழிப்பறையும் சரியாக இல்லாமல், உடைந்த கேடயத்தைக் கொடுத்து, மாலை வரை வெயிலில் நிறுத்தி வைக்கிறோம். பக்கத்தில் நின்றவர் தலையில் கல் விழுந்து ரத்தம் வடிவதை அவர் பார்க்கிறார். அந்த ஆளிடம் நிதானத்தை எதிர்பார்க்கும் அமைப்பு, நிதானம் வருவதற்கான எதையும் அவருக்குச் செய்து தரவில்லை. இதனால் முதுகில் சுட்டது சரியாகிவிடாது. பொறுப்பு மேலே எங்கெல்லாம் போகிறது என்று பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

கடைசியாக, அடிபட்டவர் என்ன செய்யலாம்.

முதல் இரண்டு மணி நேரத்தில்தான் பெரும்பாலான வழக்குகள் தோற்றுப்போகின்றன. அரசு மருத்துவமனைக்குப் போனதும் 'எப்படி அடிபட்டது?' என்று கேட்பார்கள். பயத்தில் 'கீழே விழுந்துட்டேன்' என்று சொல்லிவிட்டால் விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) அதுதான் ஏறும். இரண்டு வருடம் கழித்து எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு வரியை எடுத்துக் காட்டுவார். போலீஸ் தடியால் அடித்தார்கள், இந்த இடத்தில், இத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். அந்த ஏ.ஆர். நகலைக் கேட்டு வாங்குங்கள். காயத்தைப் படமெடுங்கள், முதுகுப் பக்கக் காயத்தைக் கட்டாயம் எடுங்கள். ரத்தம் பட்ட சட்டையைத் துவைக்காதீர்கள்.

கைது செய்திருந்தால் மருத்துவப் பரிசோதனையும் 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்துவதும் உங்கள் உரிமை. ரிமாண்டுக்குக் கொண்டுபோகும்போது நடுவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள், காயத்தைக் காட்டுங்கள், பதியச் சொல்லுங்கள். நிலையத்தில் புகாரை வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பிவிட்டு நடுவர் நீதிமன்றத்துக்குப் போகலாம். புதிய சட்டத்தில் இங்கே ஒரு தடை கூடியிருக்கிறது: கடமையின்போது நடந்ததாகச் சொல்லப்படும் செயலுக்காக அரசு ஊழியர் மீது விசாரணைக்கு உத்தரவிடும் முன், 175(4) பிரிவின்படி மேலதிகாரியின் அறிக்கையையும் அந்த ஊழியரின் விளக்கத்தையும் நடுவர் பார்க்க வேண்டும். வழக்கு நடத்த 151ஆம் பிரிவின் கீழ் அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற வாதமும் வரும். அந்தப் பாதுகாப்பு நல்லெண்ணத்தில் கூட்டத்தைக் கலைத்தவருக்குத்தான் என்பதைத்தான் உங்கள் வக்கீல் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இழப்பீட்டுக்கு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். அடிப்படை உரிமை மீறப்பட்டால் அரசே பணம் கொடுக்க வேண்டும் என்பது 1993இன் நீலபதி பெஹரா தீர்ப்பிலிருந்து உறுதியான சட்டம். கட்டுக்குள் வந்துவிட்ட பிறகும் போராட்டக்காரர்களை அடித்ததற்காக 2016இல் அனிதா தாக்கூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இழப்பீடு கொடுக்க வைத்தது. போராட்டக்காரர்கள் முதலில் வன்முறையில் இறங்கியதையும் அதே தீர்ப்பு ஒப்புக்கொள்கிறது. அதனால் 'நம் பக்கமும் கல் போனதே' என்று நினைத்து ஒதுங்கிவிடாதீர்கள்.

மனித உரிமை ஆணையத்தைப் பற்றி இரண்டும் சொல்ல வேண்டும். தூத்துக்குடி விஷயத்தில் தானாக முன்வந்து வழக்கெடுத்த தேசிய ஆணையம், அதே ஆண்டு அக்டோபரிலேயே அதை முடித்துக்கொண்டது. இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அது பெரிய அடி. மறுபக்கம், மாநில மனித உரிமை ஆணையத்தின் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021இல் தீர்ப்பளித்திருக்கிறது. வக்கீல் வைக்க வசதியில்லாதவரும் ஒரு வெள்ளைத் தாளில் எழுதி அங்கே அனுப்பலாம், கட்டணம் கிடையாது. சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் அனுப்பிவிட வேண்டும், அதற்குப் பிறகு போனால் எடுக்க மாட்டார்கள்.